செக்ரோல் தெரிந்த குடும்பத்துக்குத் தரவுத்தளம் புதிதல்ல: எஸ்பிஎம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விளக்கம்

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் யுபியு விண்ணப்பக் காலம் பரபரப்பானது. பாலிடெக்னிக் படிப்புகளின் பட்டியலைப் பார்க்கும்போது இயந்திரவியல், மின்னியல், கட்டுமானம், கணக்கியல் என்பவை என்னவென்று பெற்றோருக்கு ஓரளவு தெரியும். தகவல் தொழில்நுட்பம் என்று வந்ததும், "கம்ப்யூட்டர் படிப்பு" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள், தோட்டத்திலிருந்தோ தாமானிலிருந்தோ போகும் பிள்ளையால் அதைச் சமாளிக்க முடியுமா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைப்பதில்லை.

இந்தப் படிப்பின் முதுகெலும்பாக இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, சர்வர் பக்க இணைய நிரலாக்கம். மற்றொன்று, ரிலேஷனல் தரவுத்தளம். பெயரைக் கேட்டால் மிரட்சியாக இருக்கும். ஆனால் இவற்றின் அடிப்படை, ரப்பர் தோட்ட அலுவலகத்தில் கிராணி தினமும் செய்த வேலைதான். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட காலம் தொடங்கி, பால்மரத்தோடு வாழ்ந்த பேராக் மாநிலத் தமிழர்களுக்கு இந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே, ஜன்னலுக்கு உள்ளே

யுபியு விண்ணப்பத்தின் முடிவு வெளியாகும் நாளையே எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் மாணவர்கள் ஒரே தளத்தைத் திறக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பக்கம்தான். ஆனால் ஒரு மாணவர் தமது அடையாள அட்டை எண்ணைத் தட்டியதும், அவருடைய முடிவு மட்டும் திரையில் வருகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை தட்டினால் அவருக்குரிய முடிவு வருகிறது. இவ்வளவு பேருக்கும் யாரும் தனித்தனியாகப் பக்கம் தயாரித்து வைக்கவில்லை. கேட்ட அந்த நொடியில்தான் பக்கம் உருவாகிறது.

தோட்ட அலுவலகத்தின் ஜன்னலை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தொழிலாளி ஜன்னலுக்கு வெளியே நின்று தம் எண்ணைச் சொல்வார். கிராணி உள்ளே சென்று பேரேட்டைப் புரட்டுவார், கணக்கைப் பார்ப்பார், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். தொழிலாளி பேரேட்டைத் தொடுவதில்லை. அதில் மற்றவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவர் கண்ணில் படாது.

இணையத்தில் வெளியே நிற்பவர் பயனர். அவருடைய கைப்பேசியில் உள்ள பிரவுசர்தான் ஜன்னல். உள்ளே இருக்கும் கணினி சர்வர். பேரேடு என்பது தரவுத்தளம். இரண்டுக்கும் இடையில் நின்று, கேள்வியை வாங்கி, சரிபார்த்து, பதிலைப் பக்கமாக எழுதித் தரும் நிரல்தான் சர்வர் பக்க நிரல். அதாவது மாணவர் இந்தப் பாடத்தில் எழுதக் கற்றுக்கொள்வது ஒரு கிராணியை.

பக்கத்தின் நிறம், எழுத்து, பொத்தான் ஆகியவை பிரவுசரில் தெரியும் பகுதி. அவற்றுக்கான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றைப் பள்ளியிலேயே சில மாணவர்கள் தொட்டுப் பார்த்திருப்பார்கள். சர்வரில் ஓடும் நிரலோ பயனரின் கண்ணில் படவே படாது. விளைவு மட்டும்தான் வெளியே வரும். தொடக்கத்தில் மாணவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். தாம் எழுதும் வரிகளில் எது உள்ளே ஓடுகிறது, எது வெளியே ஓடுகிறது என்ற தெளிவு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

ஒரே பேரேட்டில் எல்லாவற்றையும் எழுதினால்

இனி தரவுத்தளத்துக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் 120 பேர் பால் வெட்டுகிறார்கள், மாதத்தில் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். தேதி, தொழிலாளி பெயர், லயத்து வீட்டு எண், வெட்டு எண், மண்டோர் பெயர், பாலின் எடை, கிலோவுக்கான கூலி என எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதினால் மாதத்துக்கு 3,000 வரிகள் வரும். எக்செல் தெரிந்த பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் இதில் மூன்று ஆபத்துகள் உண்டு.

முதலாவது, திருத்துவதில். முனியம்மா வேறு லயத்துக்கு வீடு மாறினால் அவருடைய 25 வரிகளிலும் வீட்டு எண்ணை மாற்ற வேண்டும். 24 வரிகளை மாற்றி ஒன்றை விட்டுவிட்டால், பேரேடே தனக்குத் தானே முரண்படும். எது உண்மை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, சேர்ப்பதில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்னும் ஒரு நாள்கூட வெட்டுக்குப் போகவில்லை. பட்டியலோ ஒவ்வொரு நாள் வேலைக்கும் ஒரு வரி. அவரை எங்கே எழுதுவது?

மூன்றாவது, நீக்குவதில். 12ஆம் வெட்டில் ஒரே ஒருவர்தான் ஒரு நாள் வேலை செய்தார். அந்த வரி தவறு என்று அழித்தால், 12ஆம் வெட்டு என்று ஒன்று இருப்பதும், அதைப் பார்க்கும் மண்டோர் யார் என்பதும் சேர்ந்தே அழிந்துவிடும்.

நல்ல கிராணிகள் இதை அனுபவத்தில் உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் ஆட்களின் பதிவு ஒரு புத்தகத்திலும், அன்றாட வருகை செக்ரோலிலும், எடைக் கணக்கு வேறொரு புத்தகத்திலும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஆளின் எண் உதவியது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதற்கும், மாதக் கடைசியில் சம்பளம் போட்டதற்கும் இடையில் அந்த எண்தான் பாலம்.

ரிலேஷனல் தரவுத்தளத்தின் கொள்கையும் இதுவே. ஒரு செய்தியை ஒரே ஓர் இடத்தில் மட்டும் எழுதி வை. மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறிப்பிடு. தொழிலாளர் அட்டவணையில் எண், பெயர், வீட்டு எண், வேலைக்குச் சேர்ந்த நாள் இருக்கும். வெட்டு அட்டவணையில் வெட்டு எண்ணும் மண்டோர் எண்ணும் இருக்கும். வேலைநாள் அட்டவணையில் தேதி, தொழிலாளர் எண், வெட்டு எண், கிலோ ஆகிய நான்கு மட்டும். முனியம்மா வீடு மாறினால் இப்போது ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். இப்படிப் பிரித்து அமைக்கும் முறைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். தேர்வில் தவறாமல் வரும் பகுதி இது. மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். மேலே சொன்ன மூன்று ஆபத்துகளைப் புரிந்துகொண்டவர்களுக்கு விதிகள் தாமாகவே விளங்கும்.

கூலி விகிதத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கிலோவுக்கான கூலியை ஒரே இடத்தில் எழுதி வைத்து, ஜூலை மாதம் அது உயர்ந்ததும் அதையே மாற்றினால், ஜனவரியில் கொடுத்து முடித்த சம்பளமும் புதிய விகிதத்தில் கணக்காகிவிடும். ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனி அட்டவணை வைக்க வேண்டும். எது மாறும், எது மாறாது, மாறினால் பழைய கணக்கு என்னாகும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் தரவுத்தள வடிவமைப்பு. அதற்குக் கணிதத்தில் ஏ பிளஸ் தேவையில்லை. பொறுமையான சிந்தனை தேவை.

காட் கொடுத்த கொள்கை, எஸ்கியூஎல் என்ற மொழி

இந்தக் கொள்கையைக் கணினிக்குக் கொண்டு வந்தவர் எட்கர் எஃப். காட். இங்கிலாந்தில் பிறந்தவர். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1970ஆம் ஆண்டு இதற்கான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் தரவு எந்த இடத்தில், எந்தச் சங்கிலியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று நிரலாளருக்குத் தெரிந்தால்தான் அதை எடுக்க முடியும். காட் அதை மாற்றினார். எல்லாத் தரவும் அட்டவணைகளாக இருக்கட்டும். என்ன வேண்டும் என்று மட்டும் மனிதர் கேட்கட்டும். எப்படித் தேடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அவருடைய யோசனை. 1981இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அப்படிக் கேட்பதற்கான மொழியை அதே ஐபிஎம்மில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் உருவாக்கினார்கள். அதுதான் இன்று எஸ்கியூஎல் எனப்படுகிறது. மற்ற நிரல்மொழிகளைப் போல இதில் "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரிசையாகக் கட்டளை எழுத வேண்டியதில்லை. "வேலைநாள் அட்டவணையில் 47ஆம் எண்ணுக்குரிய வரிகளை எடு, மார்ச் மாதம் மட்டும், கிலோவைக் கூட்டு, தொழிலாளர் அட்டவணையிலிருந்து பெயரைச் சேர்த்துக் கொடு" என்று நாம் சொல்வதைத்தான் செலக்ட், ஃபிரம், ஜாயின், வேர் முதலிய சில சொற்களால் எழுதுகிறோம். இரண்டு அட்டவணைகளை எண்ணின் வழியாக இணைப்பதே ஜாயின்.

அடிப்படைச் சொற்கள் மிகக் குறைவு. சேர்க்க இன்சர்ட், பார்க்க செலக்ட், திருத்த அப்டேட், நீக்க டிலீட். இவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். ஆனால் கவனம் இல்லாவிட்டால் ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். முனியம்மாவின் வீட்டு எண்ணைத் திருத்தும்போது "47ஆம் எண்ணுக்கு மட்டும்" என்ற வேர் பகுதியை எழுத மறந்தால், 120 பேரும் ஒரே வீட்டில் குடியிருப்பதாகப் பதிவாகிவிடும். கணினி எச்சரிக்காமலும் போகலாம். சொன்னதைத்தானே செய்தது? ஆகவே முதலில் செலக்ட் எழுதி எந்த வரிகள் வருகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு அப்டேட் செய்வது நல்ல பழக்கம்.

பெயர் வேறு, எண் வேறு

ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மாக்கள் இருக்கலாம். ஒரே மனிதரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கலாம். ரோமன் எழுத்தில் முனியாண்டியின் கடைசி எழுத்து ஒரு பத்திரத்தில் 'ஐ', இன்னொன்றில் 'ஒய்' என்று இருப்பதைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் இருக்காது. மனிதக் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. கணினிக்கு அவர்கள் இரண்டு பேர்.

இதற்காகத்தான் ஒவ்வொரு வரிக்கும் மாறாத, திரும்ப வராத ஓர் எண் கொடுக்கப்படுகிறது. பிரைமரி கீ, அதாவது முதன்மைச் சாவி என்பது அதுதான். நமது மைகார்டில் உள்ள 12 இலக்க எண் எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

இந்தப் புதிய எண்முறை 1990இல் வந்தது. அதற்கு முன் இருந்த பழைய அடையாள அட்டைக்கு வேறு எண். பழைய எண்ணில் தொடங்கிய ஒரு பதிவைப் புதிய எண்ணோடு இணைக்காமல் விட்டிருந்தால், அந்த மனிதர் கணினியில் இரண்டாகப் பிரிந்துவிடுவார். வயதான தோட்டத் தொழிலாளிகள் பழைய ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும்போது, பல நேரங்களில் தேடப்படுவது இந்த இணைப்புத்தான். சாவியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பாடப்புத்தக விவகாரம் மட்டும் அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஓர் அட்டவணையின் சாவி இன்னோர் அட்டவணையில் வரும்போது அது ஃபாரின் கீ, அயல் சாவி எனப்படும். தொழிலாளர் அட்டவணையில் 147 என்ற எண்ணே இல்லாதபோது, வேலைநாள் அட்டவணையில் 147க்குக் கிலோ எழுத முயன்றால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும். இல்லாத ஆளுக்குக் கூலி எழுதும் வழி இங்கே அடைபடுகிறது. ஆனால் முதலில் தொழிலாளர் அட்டவணையிலேயே ஒரு பொய்ப் பெயரைச் சேர்த்துவிட்டால் கணினிக்கு அது தெரியாது. பதிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் தரவுத்தளம் காக்கும். பதிவு உண்மையா என்பது எழுதுபவரின் பொறுப்பு.

பாதியில் நிற்கக் கூடாத வேலை

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்த்தார்கள். துண்டாடப்பட்ட தோட்டங்களால் வீதிக்கு வரும் நிலையில் இருந்த மக்கள், தங்கள் சொந்தப் பணத்தால் தோட்டம் வாங்கிய வரலாறு அது. இப்படியொரு சங்கத்தின் கணக்கை ஒரு மாணவர் கணினியில் அமைப்பதாக எண்ணிப் பார்க்கலாம்.

உறுப்பினர் பத்து வெள்ளி கட்டும்போது இரண்டு பதிவுகள் நடக்க வேண்டும். அவருடைய பங்குக் கணக்கில் பத்து வெள்ளி ஏற வேண்டும். சங்கத்தின் வரவிலும் பத்து வெள்ளி ஏற வேண்டும். முதல் பதிவு முடிந்து இரண்டாவது நடப்பதற்குள் மின்சாரம் போய்விட்டால் கணக்கு உதைக்கும். இதைத் தடுக்கத்தான் டிரான்சாக்‌ஷன் என்ற ஏற்பாடு. இரண்டும் நடந்தால் மட்டுமே பதிவு உறுதியாகும். ஒன்று தவறினாலும் எதுவுமே நடக்காதது போல முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். வங்கி, இபிஎஃப், கட்டண வசூல் என எங்கெல்லாம் பணம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது உண்டு.

மறதிக்காரக் கிராணி

தரவுத்தளத்தோடு பேசும் நிரலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் பிஎச்பி மொழியில் தொடங்குவார்கள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றிலும் இதைச் செய்யலாம். பிஎச்பியை உருவாக்கிய ரஸ்மஸ் லெர்டார்ஃப், தமது சுயவிவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய 1994இல் எழுதிய சிறு கருவிகளே அதன் தொடக்கம். அடுத்த ஆண்டு அதைப் பொதுவில் வெளியிட்டார். இன்று விக்கிப்பீடியாவும் வேர்ட்பிரஸ் தளங்களும் ஓடுவது அந்த மொழியில்தான். கூடவே கற்பிக்கப்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 1995இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், தம் மகள் மையின் பெயரை அதற்கு வைத்தார். பின்னாளில் அதிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கு இன்னொரு மகள் மரியாவின் பெயர்.

இவை எல்லாம் இலவசம். எக்சாம்ப் என்ற ஒரே தொகுப்பைப் பதிவிறக்கினால், வீட்டுக் கணினியே சர்வராகவும் தரவுத்தளமாகவும் மாறிவிடும். பயிற்சி செய்ய இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. இணைப்பு சரியாகக் கிடைக்காத தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

சர்வரைப் பற்றி அறிய வேண்டிய ஒரு குணம், அதன் மறதி. ஒருமுறை பதில் சொன்னதும் கேட்டவர் யார் என்பதை அது மறந்துவிடும். ஜன்னலில் நின்றவர் ஒரு நிமிடம் கழித்து மறுபடி வந்தால், முன்பின் தெரியாதவரைப் போலப் பார்க்கும். ஆகவே முதல் தடவை உள்நுழையும்போது, கிளினிக்கில் கொடுக்கும் எண் சீட்டைப் போல ஒரு சீட்டைக் கொடுத்தனுப்புவார்கள். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டும். சீட்டுக்கு குக்கி என்றும், அந்தச் சீட்டின் பெயரில் சர்வர் வைத்திருக்கும் குறிப்புக்கு செஷன் என்றும் பெயர். சீட்டு வேறொருவர் கைக்குப் போனால் அவர் நாமாகவே உள்ளே போய்விடலாம். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு மேற்கோள் குறி செய்யும் வேலை

டி'குருஸ், டி'சில்வா போன்ற பெயர்கள் நம் நாட்டில் உண்டு. அவற்றை ரோமன் எழுத்தில் எழுதும்போது நடுவில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி வருகிறது. எஸ்கியூஎல் மொழியில் ஒரு சொல் தொடங்குவதையும் முடிவதையும் காட்டுவதும் அதே குறிதான். பயனர் தட்டிய பெயரை அப்படியே கட்டளையோடு ஒட்டி எழுதும் மாணவரின் நிரல், முருகனுக்கும் லட்சுமிக்கும் நன்றாக வேலை செய்யும். டி'குருஸ் வந்ததும் உடைந்து விழும். பெயர் பாதியில் முடிந்துவிட்டதாக நினைத்து, மீதி எழுத்துகளைக் கணினி கட்டளையாகப் படிக்க முயல்வதே காரணம்.

கெட்ட எண்ணம் உள்ளவர் இதையே ஆயுதமாக்குவார். பெயர் கேட்கும் கட்டத்தில் மேற்கோள் குறியைப் போட்டு, அதன் பின்னால் தம் சொந்தக் கட்டளையை எழுதிவிடுவார். எல்லாருடைய விவரத்தையும் எடுக்கலாம், அட்டவணையையே அழிக்கலாம். எஸ்கியூஎல் இஞ்செக்‌ஷன் எனப்படும் இந்தத் தாக்குதல் 1990களின் கடைசியிலிருந்தே அறியப்பட்டது, இன்றும் ஓயவில்லை. தடுக்கும் வழி எளிது. கட்டளையை முதலில் தனியாக அனுப்பிவிட்டு, பயனர் தட்டியதைப் பிறகு வெறும் தரவாக மட்டும் அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் முறையைப் பயன்படுத்தினால் போதும். முதல் நாளிலிருந்தே இந்தப் பழக்கம் வர வேண்டும்.

கடவுச்சொல்லும் அப்படியே. அதை உள்ளபடியே அட்டவணையில் எழுதி வைக்கக் கூடாது. திரும்ப அவிழ்க்க முடியாத வடிவமாக மாற்றித்தான் வைக்க வேண்டும். பிஎச்பியில் இதற்கான வசதி 2013 முதல் உள்ளேயே இருக்கிறது. நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணைக் கவனக்குறைவாக வைத்திருப்பது சட்டச் சிக்கலாகவும் மாறக்கூடும்.

தமிழ் எழுத்தைச் சேமித்தல்

தமிழ் மாணவர் ஒருவர் தம் முதல் திட்டத்தில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்தால், சில நேரங்களில் திரையில் வெறும் கேள்விக்குறிகள் வரும். மொழிக்கு அது இடமில்லாத சாதனம் என்று பொருளல்ல. தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் தமிழை ஏற்காத பழைய வகையில் அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். யுடிஎஃப்-8 வகைக்கு, மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8எம்பி4 என்ற தேர்வுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும். 'முருகன்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறிகள்: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் என்பதால் மொத்தம் 21 பைட். பெயருக்கு 20 இடம் போதும் என்று ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து ஒதுக்கினால், நீண்ட தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்படும். 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்ற மலேசியத் தமிழர்கள் தமிழைக் கணினிக்குக் கொண்டு வர உழைத்தார்கள். அந்த எழுத்தைத் தரவுத்தளத்தில் சிதையாமல் வைப்பது இன்றைய மாணவரின் வேலை.

பெயர்ப் படிவமும் இதைச் சேர்ந்ததே. பல படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கின்றன. 'ஏ/எல்', 'ஏ/பி' என்று தந்தை பெயரைச் சேர்த்தெழுதும் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. சாய்கோட்டைத் தட்டினால் சில தளங்கள் பிழை என்கின்றன. அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்கு நம் பெயர்முறை தெரியாது என்பதே காரணம். அட்டவணையில் என்னென்ன நெடுவரிசை இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் நம் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தால், அந்தக் கேள்வி முதலிலேயே எழுந்திருக்கும்.

எங்கே படிக்கலாம், எப்படித் தயாராகலாம்

இதைப் படிக்கத் தலைநகர் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969 முதல் ஈப்போவில் இயங்குகிறது; தகவல் தொழில்நுட்பத் துறையும் அங்கு உண்டு. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் புலம் கம்பார் வளாகத்தில் உள்ளது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணத்துக்கு 1997இல் அமைக்கப்பட்ட பிடிபிடிஎன் கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதைக் குடும்பமாகப் பேசிக்கொள்வது நல்லது. நுழைவுத் தகுதியை அந்தந்த ஆண்டின் யுபியு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவில் முக்கியமானது ஒரு மடிக்கணினி. நல்ல நிலையில் உள்ள பழையதே போதும். கைப்பேசியில் இந்தப் பாடத்தைப் படிக்கலாம், பயிற்சி செய்வது கடினம். விரிவுரைகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் தம் சொந்தத் தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதி வைத்தால், முதல் செமஸ்டரின் பாரம் குறையும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதித் தந்துவிடுகின்றன. ஆனால் வீட்டு எண் எந்த அட்டவணையில் இருக்க வேண்டும், பழைய கூலி விகிதத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் கேட்கத் தெரியாதவருக்கு அந்தக் கருவிகள் தவறான அமைப்பையும் அழகாக எழுதிக் கொடுக்கும்.

முதல் பயிற்சித் திட்டத்துக்கு நம்மைச் சுற்றியே நிறைய இருக்கிறது. கோயில் உபயக் கணக்கு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியல், தோட்டத்து மரண சகாய நிதியின் சந்தாப் புத்தகம் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். சகாய நிதியில் உறுப்பினர் ஒருவர், அவருடைய குடும்பத்தினர் பலர், மாதச் சந்தா, கொடுத்த உதவி என நான்கு அட்டவணைகள் உடனே கண்ணுக்குத் தெரியும். உண்மையான பெயர்களுக்குப் பதில் கற்பனைப் பெயர்களை வைத்துப் பழகலாம்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் வேலை பார்த்தவராக இருந்தால், செக்ரோல் எப்படி எழுதப்பட்டது, யார் எடை பார்த்தது, கணக்கு தவறினால் யாரிடம் போய்க் கேட்டார்கள் என்று பிள்ளைகள் விசாரிக்கலாம். அந்தப் பதில்களை மூன்று அட்டவணைகளாகக் காகிதத்தில் வரைந்து, எண்களால் இணைத்துப் பார்த்தால், தரவுத்தளப் பாடத்தின் முதல் சில வாரங்கள் வீட்டிலேயே முடிந்திருக்கும்.